ஏறுசுமைப் பயிற்சியும் தொடக்கநிலையாளரும்

உடல்வலிமை என்பது பிறப்போடு வருவதொரு பேறு என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. வலியான் ஒருவனைக் காணுமிடத்து, அவனுடைய குடிவழியையும் அவன் உண்டு வளர்ந்த உணவையும் வியந்து பேசுவார் பலர்; அவ்வலிமை எவ்வாறு சிறிது சிறிதாக ஆக்கப்பட்டது என வினவுவார் மிகச் சிலர். தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றிற் காணப்படும் இளவட்டக்கல் இவ்வெண்ணத்தின் திரண்ட வடிவம் எனலாம். உருண்டையாய், வழுவழுப்பாய், கைப்பிடிக்க இடமெதுவுமின்றி அமைந்த அப்பெருங்கல்லை ஊரிளைஞர் நிலத்தினின்றும் எடுத்துத் தோளிலேற்றுதல் வீரமாகக் கருதப்பட்டது. அதனைத் தூக்க வல்லவனுக்கே பெண் கொடுத்தனர் என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. எனினும் அக்கல் வலிமையை அளந்தறிதற்குரிய கருவியேயன்றி வலிமையை ஆக்குதற்குரிய கருவியன்று. அதன் எடை மாறாதது. இன்று அதனைத் தூக்கமாட்டாது திரும்பும் இளைஞனுக்கு, அடுத்த ஆண்டு தூக்குதற்கு வழி யாதென அக்கல் கற்பிப்பதில்லை.

சோதனை வேறு, பயிற்சி வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே இக்காலத்து உடற்பயிற்சிக்கூடங்களிற் புகும் இளைஞர் பலர் முதல் மாதத்திலேயே நோவுற்றோ சலிப்புற்றோ விலகுதற்குத் தலையாய காரணமாகும். அன்னோர் நாள்தோறும் தம்மைத் தாமே சோதிக்கின்றனர், பயில்வதில்லை. ஒருவன் தன்னாற் செய்யத்தக்க அளவினும் சற்றுக் குறைந்த சுமையிலே தொடங்கி, உடல் இணங்குமளவுக்கு அதனைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் செல்வதே வலிமைப் பயிற்சியின் உயிர்நிலை. இது கேட்பதற்கு மிக எளிது. ஆயினும் இம்முறை மருத்துவர்களால் ஒழுங்குபடுத்தப்பட்டு உலகோரால் ஏற்கப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான்.

கருத்து மட்டும் பழையது. கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலே, தென்னித்தாலியிலிருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரத்து மற்போர் வீரனான மைலோ, இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தூக்கிச் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து ஈற்றில் முழு எருதையே சுமக்க வல்லவனாயினான் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. மைலோ மெய்யாகவே வாழ்ந்தவன். ஒலிம்பிய விழாக்களிற் பன்முறை வாகை சூடியவன். கன்றின் கதையோ கதையே. கன்று வளரும் விரைவுக்கு மனிதனுடைய தசை வளருமாறில்லை. கன்று ஓய்வு நாளும் அறியாது, சுமப்பவனின் களைப்பையும் நோக்காது. உடலின் இணக்கத்தைக் கண்டு சுமையைக் கூட்டுதல், அது இணங்காதவிடத்து நிறுத்திவைத்தல் என்னும் இரண்டும் அக்கதையில் இல்லை. அவற்றைச் சேர்த்தவர் ஒரு மருத்துவர்.

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரிலிருந்த கார்டினர் படைமருத்துவமனையிலே தோமஸ் டிலோர்ம் என்னும் இளம் மருத்துவர் பணிபுரிந்தார். முழங்காற் காயமும் தொடையென்பு முறிவும் உற்ற போர்வீரர் பலர் அங்கே கிடந்தனர். என்பு பொருந்தியபின்னரும் அவர்களது தொடைத் தசைகள் மெலிந்து, கால் உடலைத் தாங்க மாட்டாதிருந்தது. மெலிந்த காலுக்கு மெல்லிய வேலையே தகும் என்பது அக்காலத்து மருத்துவர் கொள்கை. மிகச் சிறிய எடையை மிகப் பலமுறை அசைப்பிப்பதே வழக்கமாயிருந்தது. மாதங்கள் சென்றன, கால்கள் தேறவில்லை, படுக்கைகளும் ஒழியவில்லை. டிலோர்ம் இளமையில் மூட்டுவாதக் காய்ச்சலுற்று நெடுநாட் கிடந்து, பின்னர்ப் பளு தூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். அவ்வனுபவம் அவருக்கு வழிகாட்டிற்று. இரும்பினாற் செய்த பாதணியொன்றைக் காலிற் பூட்டி, அதனோடு இரும்புத் தகடுகளைச் சேர்த்து, நோயாளியை இருக்கையில் இருத்தி முழங்காலை நீட்டச் செய்தார். பத்துமுறை மட்டுமே நீட்டத்தக்க சுமை எதுவெனக் கண்டறிந்து, அதனையே அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவை வாரந்தோறும் மீண்டும் சோதித்துச் சுமையைக் கூட்டினார். மெலிந்த தசைகள் வலுத்தன. 1945ஆம் ஆண்டில் என்பு, மூட்டு அறுவை மருத்துவம் பற்றிய இதழொன்றில் இம்முறையை அவர் வெளியிட்டார்.

அவருடைய ஆய்வின் பிற்பகுதி தொடக்கநிலையாளர்க்கு இன்னும் பயன்றருவது. தொடக்கத்தில் அவர் ஒரு வேளையில் எழுபது முதல் நூறு முறை வரை அசைவுகளைச் செய்வித்தார். பின்னர் ஆதர் வற்கின்ஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து 1948இல் எழுதிய கட்டுரையில், இருபது முப்பது அசைவுகளே போதுமானவை எனவும், மிகையான வேலை முன்னேற்றத்துக்குத் தடையாகலாம் எனவும் தம் முறையைத் திருத்திக்கொண்டார். மூன்று சுற்றுக்கள், சுற்றொன்றுக்குப் பத்து முறை. பத்துமுறைச் சுமையின் அரைப்பங்கு முதற்சுற்றில், முக்காற்பங்கு இரண்டாஞ் சுற்றில், முழுப்பங்கு மூன்றாஞ் சுற்றில். ஒருவனது பத்துமுறைச் சுமை 20 கிலோகிராம் ஆயின், அவன் 10, 15, 20 கிலோகிராம் என்ற வரிசையிலே செய்வான். முறையின் பெயரும் மாறிற்று. முதலிற் கடுஞ்சுமைப் பயிற்சி என வழங்கியது ஏறுசுமைப் பயிற்சி எனப்பட்டது. பெயர்மாற்றம் அற்பமானதன்று, கடுமை என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுவது, ஏற்றம் என்பதோ எல்லார்க்கும் பொதுவானது.

சுமையைக் கூட்டிச் செல்லும்போது உடலினுள்ளே நிகழ்வது யாது? தசை பருத்தலே வலிமைக்குக் காரணம் எனப் பெரும்பாலோர் கருதுவர். அது பாதி உண்மை. தொடக்க வாரங்களைப் பொறுத்தமட்டிற் பாதியும் அன்று. தசைநார்கள் தாமாகச் சுருங்குவதில்லை. முண்ணாணிலுள்ள நரம்புக்கலம் ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் தசைநார்களுக்குக் கட்டளையிடுகின்றது. ஒரு நரம்புக்கலமும் அதன் ஆணைக்குட்பட்ட நார்களும் சேர்ந்து ஓர் இயக்க அலகு எனப்படும். சிறு வேலைக்குச் சிறிய அலகுகளே அழைக்கப்படுகின்றன. வேலை பெருகப் பெருகப் பெரிய அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன. இவ்வொழுங்கை எல்வூட் ஹென்மன் என்னும் அமெரிக்க உடற்றொழிலியலாளர் 1957 தொடக்கம் வெளியிட்ட ஆய்வுகளினால் நிறுவினார். எழுதுகோலைத் தூக்கும் கையில் உறங்கிக் கிடக்கும் பெரிய அலகுகள், நீர்நிறைந்த வாளியைத் தூக்கும்போதே விழிக்கின்றன. பயிலாதவன் தன் தசையிலுள்ள அலகுகள் அனைத்தையும் வேண்டியபோது ஒருங்கே அழைக்க வல்லவனல்லன். அழைத்தாலும், எதிர்ப்புறத் தசைகளை உரிய வேளையிற் தளர்த்த அறியான். ஆதலின் முதற்கண் அவன் கற்பது ஒரு திறன். துவிச்சக்கரவண்டி ஓட்டக் கற்கும் சிறுவனுக்கு முதல் வாரத்திலே கால் தடிப்பதில்லை. ஆயினும் அவன் ஓட்டக் கற்றுவிடுகின்றான்.

இதற்குப் பழையதொரு சான்றும் உண்டு. யேல் பல்கலைக்கழக உளவியல் ஆய்வுக்கூடத்திலே ஸ்கிரிப்சர் என்பவரும் அவருடைய துணைவரும் 1894இல் ஒரு சோதனை செய்தனர். ஒரு கையை மட்டும் நாள்தோறும் பயிற்றியபோது, பயிற்சியே பெறாத மறுகையின் வலிமையும் உயர்ந்தமை கண்டனர். மறுகையின் தசை யாதொரு வேலையும் செய்யவில்லை. அதன் வலிமை எங்கிருந்து வந்தது? நரம்பு மண்டலத்தினின்றே வந்திருத்தல் வேண்டும். 1979இல் மொரித்தானி, டிவிறீஸ் என்னும் இருவர் தசையின் மின்னியக்கத்தை அளந்து இதனைத் தெளிவுபடுத்தினர். முதற் சில வாரங்களில் ஏற்படும் வலிமைப் பெருக்கத்துக்குப் பெரும்பாலும் நரம்பின் பயிற்சியே காரணம். மூன்று முதல் ஐந்து வாரங்களின் பின்னரே தசையின் பருமன் முதன்மை பெறுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

தொடக்கநிலையாளர் இவ்வுண்மையை அறிந்திருப்பராயின் இரு கேடுகளினின்றும் தப்புவர். ஒன்று மனச்சோர்வு. மூன்று வாரங்களாக நாள்தோறும் கண்ணாடியின்முன் நின்று தோளையும் புயத்தையும் நோக்கி, மாற்றமொன்றையுங் காணாது பயிற்சியைக் கைவிடும் மாணவன், அம்மூன்று வாரங்களிலும் மெய்யாகவே முன்னேறியிருக்கின்றான். முன்னேற்றம் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் நிகழ்ந்துள்ளது. அதனைக் காட்டவல்லது குறிப்பேடு ஒன்றே. எந்நாள், எப்பயிற்சி, எத்துணைச் சுமை, எத்தனை முறை என எழுதிவைப்பவன் தன் ஏற்றத்தை எண்ணிலே காண்பான். மற்றையது இதற்கு மறுதலையான கேடு. நரம்பின் கல்வி விரைவாக நிகழ்வதனால், தூக்கும் சுமை முதல் மாதத்தில் வியக்கத்தக்க விரைவில் ஏறும். தசையை என்போடு பிணைக்கும் தசைநாண்களும் என்புகளுமோ அத்துணை விரைவில் வலுப்பதில்லை. அவற்றின் மாற்றம் மாதக்கணக்கிலே நிகழ்வது. ஆற்றல் பெருகிவிட்டது என்னும் களிப்பிலே சுமையை மேன்மேலும் அடுக்குபவனுக்கு, இரண்டாம் மூன்றாம் மாதங்களிலே தோளிலோ முழங்கையிலோ முழங்காலிலோ நோவு தோன்றுவது இதனாலாகும்.

முதல் நாட்களில் வரும் தசைநோவைப் பற்றியும் தெளிவு வேண்டும். பயிற்சி முடிந்து ஒருநாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் மிகுந்து, பின்னர்த் தானே தணியும் நோவு அது. தசையிலே தேங்கும் இலத்திரிக்கமிலமே அதற்குக் காரணம் எனப் பலரும் கூறுவதுண்டு. அவ்வமிலம் பயிற்சி முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் அகன்றுவிடுதலின், மறுநாள் எழும் நோவுக்கு அதனைக் காரணமாக்குதல் பொருந்தாது. பழக்கமில்லாத அசைவினால், சிறப்பாகச் சுமையை மெல்லக் கீழிறக்கும்போது, தசைநார்களில் உண்டாகும் நுண்ணிய சிதைவுகளே அதன் தோற்றுவாய். அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்யின் நோவு பெரிதும் குறைந்திருக்கும். நோவு மிகுந்தாற்றான் பயன் மிகும் என்பது வெறும் மயக்கம்.

அம்மயக்கம் உயிருக்கே உலை வைத்ததும் உண்டு. பயிலாத ஒருவனை நூற்றுக்கணக்கான முறை குந்தி எழச் செய்தால், அவனது தசைநார்கள் பெருமளவிற் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் குருதியிற் கலந்து சிறுநீரகங்களைத் தாக்கும். தசை வீங்கிக் கடுக்கும். சிறுநீர் தேநீரின் நிறத்தை அடையும். உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடின் சிறுநீரகம் செயலிழக்கும். 1997ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர் ஒருவர், பகிடிவதையின்போது கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வற்புறுத்தப்பட்டபின் சிறுநீரகங்கள் செயலிழந்து இறந்தமை இந்நாடு மறத்தற்கரியது. அடுத்த ஆண்டில் நிறைவேறிய, கல்வி நிறுவனங்களிற் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை அறியாத மாணவர் இலர். அதன் பின்னாலுள்ள உடற்றொழிலியல் உண்மையை அறிந்தவரோ சிலர். விளையாட்டணியின் தலைவனாயினும் வகுப்பாசிரியராயினும், தண்டனையாகத் தோப்புக்கரணங்களை எண்ணுக்கணக்கின்றி விதிப்பவர் இவ்வுண்மையை எண்ணிப்பார்த்தல் தகும். ஐம்பது முறை என்பது பயின்றவனுக்கு விளையாட்டு. நோயினின்றெழுந்து வந்தவனுக்கோ, வெயிலில் நீரருந்தாது நிற்பவனுக்கோ அவ்வாறன்று.

இனி, தொடங்கும் வகையை நோக்குதல் வேண்டும். உடலின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பயிற்றுதல் தொடக்கநிலையாளர்க்குத் தேவையற்ற வேலை. அன்றாட வாழ்வில் உடல் செய்யும் பேரசைவுகள் ஒருசிலவே. குந்தி எழுதல், இடுப்பை மடித்து நிலத்திலுள்ள பொருளை எடுத்தல், கையால் அப்பாற் தள்ளுதல், தன்பக்கமாக இழுத்தல், சுமந்து நடத்தல் என்பன அவை. இவ்வைந்தையும் உள்ளடக்கிய பயிற்சி எதுவாயினும் உடல் முழுவதையும் பயிற்றிவிடும். துலா மிதித்தும் கப்பியிற் கயிறிழுத்தும் நீரள்ளிய தலைமுறையினர் இவற்றிற் பெரும்பாலானவற்றை விடியற்காலையிலேயே செய்து முடித்தனர். மின்விசைக் குழாய்க்கிணறு வந்தபின் அவ்வேலை போயிற்று. அதனோடு அப்பயிற்சியும் போயிற்று. உழைப்பு ஒழிந்தமைக்கு வருந்துவார் யாருமிலர். ஆயினும் அவ்விடத்தை வேறொன்று நிரப்புதல் வேண்டும்.

கருவி இல்லையே எனத் தயங்குதல் வேண்டா. தண்டாற் பயிற்சியை எடுத்துக்கொண்டு நோக்கினால், சுமையை அளந்து ஏற்றுதல் கருவியின்றியும் கூடும் என்பது விளங்கும். நிலத்திற் கையூன்றித் தண்டாலெடுப்பவன் கைகளில் தாங்குவது தன் எடையின் ஏறத்தாழ 64 விழுக்காடு என 2011இல் வெளிவந்த ஓர் அளவீட்டாய்வு காட்டுகின்றது. 60 கிலோகிராம் எடையுள்ள மாணவனுக்கு அது 38 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது. ஒருமுறையேனும் ஒழுங்காகச் செய்யமாட்டாத ஒருவனுக்கு அது அவனுடைய இளவட்டக்கல். ஆயின் அவன் 30 சென்ரிமீற்றர் உயரமுள்ள வாங்கிலோ படியிலோ கையூன்றுவானாயின், கைகளின்மேல் விழும் பங்கு 55 விழுக்காடாகக் குறையும். 60 சென்ரிமீற்றர் உயரத்தில் ஊன்றின் 41 விழுக்காடாகும். முழங்கால்களை நிலத்திற் பதித்துச் செய்தால் 49 விழுக்காடு. சுவரிற் கையூன்றி நின்றவாறு செய்யின் இன்னும் இலேசு. மறுபக்கத்தில், கால்களை 60 சென்ரிமீற்றர் உயர்த்தி வைத்தால் 74 விழுக்காடாக ஏறும். உயரத்தை மாற்றிச் சுமையை மாற்றும் இவ்வொழுங்கு, நெம்புகோலின் தத்துவத்தைப் பௌதிகபாடத்திற் கற்ற மாணவர்க்கு எளிதில் விளங்கும். மேசை, கதிரை, படி, தரை என இறங்கிவரும் ஒருவன் இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பவனுக்கு எவ்வாற்றானும் தாழ்ந்தவனல்லன்.

குந்தி எழுதலை உயரமான கதிரையில் அமர்ந்தெழுவதாகத் தொடங்கி, தாழ்ந்த இருக்கைக்கு வந்து, பின்னர் இருக்கையின்றியே செய்யலாம். குதிகால் நிலத்தை விட்டெழலாகாது. முழங்கால்கள் கால்விரல்கள் நோக்கிய திசையிலேயே மடிதல் வேண்டும். உடலெடை போதாதென்னும் நிலை வந்தவிடத்து நீர்க்கலன் பெருந்துணை செய்யும். ஒரு இலீற்றர் நீரின் எடை ஒரு கிலோகிராம். பிடியுள்ள பிளாஸ்டிக்குக் கலனொன்றில் ஐந்து இலீற்றர் நீருடன் தொடங்கி, இலீற்றர் இலீற்றராகக் கூட்டிச் செல்பவனிடம் விலையுயர்ந்த பளுத்தொகுதி ஒன்றே இருக்கின்றது என்க. பாதி நிறைந்த நீர் தளம்புமாதலின், அது இடர் செய்யின் மணலை நிரப்பிக்கொள்ளலாம். அப்போது நிறுத்தறிதல் வேண்டும். மணல் நீரினும் அடர்ந்தது.

இழுத்தற் பயிற்சிக்கு மட்டும் உறுதியான கிடைச்சட்டமொன்று தேவை. இடுப்புயரத்திலுள்ள சட்டத்தைப் பற்றி, கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து, மார்பைச் சட்டத்தை நோக்கி இழுப்பது தொடக்கம். தலைக்குமேலுள்ள சட்டத்தைப் பற்றி உடலை உயர்த்துவது அதன் முடிவு. இவ்விரண்டுக்குமிடையே சிலர்க்குச் சில மாதங்கள், சிலர்க்கு ஓராண்டு செல்லும்.

அளவு பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடுகள் பலவுண்டு. தொடக்கநிலையாளரைப் பொறுத்தவரையில் அவை பெரிதும் பொருட்படுத்தத்தக்கனவல்ல. எட்டு முதற் பன்னிரண்டு முறைவரை செய்யத்தக்க சுமையைத் தெரிந்து, வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் பயில்க என அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டல் புதியோர்க்குக் கூறிற்று. குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றிரண்டு முறை கூடுதலாகச் செய்யும் ஆற்றல் வந்தபின், சுமையை 2 முதல் 10 விழுக்காடு வரை கூட்டலாம் என்பதும் அதன் பரிந்துரை. 20 கிலோகிராம் தூக்குபவனுக்கு இது அரைக் கிலோகிராம் முதல் இரண்டு கிலோகிராம் வரையான ஏற்றம். ஐந்து கிலோகிராமாகத் தாவுபவன் வழிகாட்டலைத் தாண்டிவிட்டான். ஒவ்வொரு சுற்றையும், இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம் என்னும் நிலையிலேயே நிறுத்திவிடுதல் முதற் சில வாரங்களுக்கு உகந்தது. முற்றாகச் சோர்ந்து கையினின்று நழுவும்வரை செய்தாற் கடைசி அசைவுகள் கோணலாகும். நரம்பு கோணலையே கற்கும். ஒருநாட் பயின்றாற் குறைந்தது ஒருநாளேனும் அத்தசைகளுக்கு ஓய்வளித்தல் வேண்டும். டிலோர்ம் வகுத்த மும்முறைச் சுற்றிலே முதலிரண்டு இலேசான சுற்றுக்களும் உடலை வெதுப்புதற்குப் போதியன.

தூக்கும்போது மூச்சை அடக்கி முக்குதல் பலரிடம் காணப்படும் வழக்கம். மார்பிலும் வயிற்றிலும் அழுத்தம் மிகுந்து குருதியமுக்கம் திடீரென ஏறுதற்கு அது இடமளிக்கும். முயற்சிக்கும் வேளையில் மூச்சை வெளிவிட்டு, இறக்கும் வேளையில் உள்வாங்குதலே புதியோர்க்கு உரியது. இதயநோய், உயர் குருதியமுக்கம், குடலிறக்கம் முதலியன உடையோர் மருத்துவரின் கருத்தறிந்த பின்னரே தொடங்குதல் வேண்டும்.

உணவைப் பற்றி இங்கு மிகுதியும் கூறவேண்டுவதில்லை. 2018இல் 49 ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து நோக்கிய ஒரு கட்டுரை, வலிமைப் பயிற்சி செய்வோர் நாளொன்றுக்கு உடலெடையில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதத்துக்கு மேல் உட்கொள்வதனாற் தசைப்பெருக்கத்துக்குக் கூடுதற் பயன் விளையவில்லை எனக் கண்டது. புலால் உண்ணாதார்க்குப் பயறு, கடலை, கௌபி, உளுந்து, பருப்பு, சோயா, பால், தயிர் என்பன உள. உலர்ந்த பயற்றினங்களில் நூறு கிராமுக்கு இருபது முதல் இருபத்தைந்து கிராம்வரை புரதம் உண்டு. சோயா அவற்றினும் மேம்பட்டது. விளம்பரங்களிற் காணும் மாப்பொடிகள் இன்றியமையாதனவல்ல. தசையைப் பருக்கச்செய்யும் ஓமோன் ஊசிகளும் மாத்திரைகளும் ஈரலையும் இதயத்தையும் கெடுப்பன. அவற்றை நாடுபவன் பயிற்சியை விட்டு வேறொரு வழியிற் சென்றுவிட்டான்.

பளு தூக்குவோரின் உடல் இறுகி விரைவும் வளைவும் கெடும் என்பது நெடுங்காலம் நிலவிய மற்றொரு நம்பிக்கை. விளையாட்டுப் பயிற்றுநர் பலர் தம் வீரர்களை இரும்பின் அருகே செல்லவிடாது தடுத்தனர். அமெரிக்காவின் ஸ்பிறிங்ஃபீல்ட் கல்லூரியில் உடற்றொழிலியல் கற்பித்த பீற்றர் கார்ப்போவிச் இக்கொள்கையுடையவர்களுள் ஒருவர். 1940இல் அக்கல்லூரியிலே பளு தூக்குவோர் தம் திறனைக் காட்டியபோது, ஜோன் கிறிமெக் என்னும் வீரரால் தம் முதுகின் நடுவைச் சொறிய இயலுமா என அவர் வினவினார். கிறிமெக் எளிதாகச் சொறிந்து காட்டியதோடமையாது, கால்களை இருபுறமும் விரித்து நிலத்திற் படியவும் அமர்ந்தார். வேறொருவராயின் சிரித்துவிட்டுத் தம் கொள்கையிலேயே நின்றிருப்பர். கார்ப்போவிச் அதனைச் சோதித்தறிய முற்பட்டார். அவரும் வில்லியம் சோர்பஸும் பளு தூக்குவோர் முந்நூறு பேரையும், தூக்காதோர் முந்நூறு பேரையும் கையாற் சுழற்றும் கருவியொன்றினால் ஒப்பிட்டு, 1951இல் முடிவை வெளியிட்டனர். விரைவிற் சிறந்தவர்கள் பளு தூக்குவோராகவே காணப்பட்டனர். தாம் கற்பித்து வந்ததைத் தாமே சோதித்து மாற்றிக்கொண்ட அவ்வாசிரியரின் நேர்மை, அச்சோதனையின் முடிவினும் பெரிது.

பளு தூக்கினால் வளரும் பிள்ளைகளின் உயரம் குன்றும் என்னும் அச்சமும் இத்தகையதே. தகுந்த மேற்பார்வையின்கீழ், அளவான சுமையோடு செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல்கள், ஐந்து முதற் பதினேழு வயதுக்குட்பட்டோர் வாரத்திற் குறைந்தது மூன்று நாட்களேனும் தசையையும் என்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபடவேண்டுமென்றும், வளர்ந்தோர் இரண்டு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்யவேண்டுமென்றும் கூறுகின்றன. மேற்பார்வை என்னும் சொல்லைப் பாடசாலைகள் அழுத்தமாகக் கொள்ளல் வேண்டும். பயிற்சிக்கூடத்தின் திறவுகோலை மாணவரிடம் கொடுத்துவிடுதல் மேற்பார்வையாகாது.

வயது முதிர்ந்தபின் தொடங்குதல் வீண் என்று எண்ணும் பழைய மாணவர்க்கு ஒரு செய்தி. 1990இல் மரியா ஃபியாத்தறோன் என்னும் மருத்துவரும் அவரோடு சேர்ந்தோரும், பொஸ்டன் நகர முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த பத்துப் பேரைப் பயிற்றி, முடிவுகளை வெளியிட்டனர். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. வாரத்தில் மூன்று நாட்கள், எட்டு வாரங்கள், தொடையின் முன்தசைக்கு ஏறுசுமைப் பயிற்சி. அதாவது, டிலோர்ம் போர்வீரர்க்கு அளித்த அதே அசைவு. நிறைவுவரை பயின்ற ஒன்பதின்மரது வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. தொடைத் தசையின் பருமனோ ஏறத்தாழ 9 விழுக்காடே கூடிற்று. எஞ்சியதைக் கற்றது தொண்ணூறு வயது நரம்பு. ஊன்றுகோலுடன் நடந்த இருவர் அதனைக் கைவிட்டனர். குளியலறையிலே வழுக்கி விழுந்து இடுப்பென்பு முறிந்து, அதன்பின் எழாமலே போன முதியோரைக் கண்டிராத குடும்பம் அரிது. அத்தகைய வீடுகளில், கதிரையிலிருந்து கையூன்றாது எழும் வலிமை அற்பமானதொன்றன்று.

அதே ஆய்வின் ஈற்றுப்பகுதி மாணவர்க்கும் பொருந்தும். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அம்முதியோர் தம் வலிமையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இழந்தனர். இளையோர் அத்துணை விரைவில் இழப்பதில்லை, எனினும் இழப்பர். பரீட்சைக் காலத்தில் ஓரிரு மாதங்கள் பயிற்சியை விட்டவன் மீளத் தொடங்கும்போது, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலுள்ள சுமையை அன்றே தூக்க முனைவது இயல்பு. அது தகாது. அச்சுமையின் அரைப்பங்கிலோ சற்று மேலோ தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் ஏறிவருதலே முறை. முன்பு கற்ற நரம்பும் முன்பு பருத்த தசையும் இரண்டாம் முறை விரைந்து இணங்குமாதலின், முதன்முறை நான்கு மாதம் எடுத்த ஏற்றத்துக்கு இம்முறை அத்துணைக் காலம் வேண்டியதில்லை. முற்றாக விட்டுவிடாது வாரத்துக்கு ஒருநாளேனும் வழக்கமான சுமையைத் தூக்கிவருவானாயின், பரீட்சை முடியும்வரை வலிமையிற் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளவும் கூடும். அதற்கு அரைமணி நேரம் போதும்.